சீல் இல்லாத ஒரு நோட்டு

சுருட்டை, ஏலே சுருட்டை, உன்னைத்தான் கூப்பிடுகிறேன்.

நீ போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. இந்தப் பெயர் மில்லில் யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் உனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, உன் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே நான் வைத்த பெயர். சம்பள ரிஜிஸ்டரில் உனக்கு ஒரு பெயர் இருந்தது. ஜெபக்கூடத்தில் இன்னொரு பெயர் இருந்தது. இரண்டையும் நான் எழுதப்போவதில்லை. எந்த மில் என்றும் எழுதமாட்டேன், மற்ற பெயர், ஊர், நம்பர் எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். உன் தங்கச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் பேனா எடுத்தேன். "எழுதுங்கண்ணே. பேரு மட்டும் வேண்டாம்" என்றாள்.

இதற்கு மேல் உன்னிடமே பேசிக்கொண்டிருந்தால் என்னால் எழுத முடியாது. மற்றவர்களிடம் சொல்கிறேன். நீ கேட்டுக்கொண்டிரு.

என் பெயர் கணேசன். ஊர் சுந்தரபாண்டியம். எட்டாவது வரைக்கும் படித்தேன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் அட்டெண்டராகப் பதிமூன்று வருடம் வேலை பார்த்தேன். ஆள் குறைக்கிறோம், விருப்பப்பட்டவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வயது முப்பத்தொன்று. ரிட்டயர் ஆனவன் என்று சொன்னால் பெண் பார்க்கப் போகிற வீட்டில்கூடச் சிரிக்கிறார்கள்.

இப்போது மில்லில் சம்பளம் பாங்கில் ஏறிவிடுகிறது. கவர் கிடையாது, ஜன்னல் கிடையாது. அந்தக் காலத்தைப் பற்றித் தொழிற்சங்கத்து ஆண்டு மலரில் எழுதித் தரச் சொல்லி இளவட்டங்கள் நாலு பேர் என்னைத் தேடி வந்தார்கள். டீக்கடையில் உட்கார்ந்தோம். பேச்சு எங்கெங்கோ போய்விட்டது.

"ரூவா நோட்டுல சாமி பேரப் போட்டாத்தான் இந்த நாடு உருப்படும்" என்றான் ஒருத்தன்.

"எந்தச் சாமி பேரலே போடுவ? ஒங்க ஊரு சுடலையா, எங்க ஊரு அய்யனாரா?"

"பெரிய சாமியாப் பாத்துப் போடுறது."

"அப்ப சின்னச் சாமி கோவிச்சுக்கிட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். "கணேசண்ணே, நீங்க நோட்டுக்குள்ளேயே கெடந்தவிய. நீங்க சொல்லுங்க, போடலாமா கூடாதா?" என்று என்னைக் கேட்டார்கள். டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவர்களுக்குச் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. டீ வாங்கினேன், ஃபைல் தூக்கினேன், மணி அடித்தேன். மூன்றாவது வருடம் கேஷியர் வரதராஜன் சார் என்னைக் கூப்பிட்டு, "கையைக் காட்டு" என்றார். இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேர்க்குமா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றேன். "நாளையிலேருந்து கேஷ்ல உக்காரு" என்றார். என் பயிற்சி அவ்வளவுதான்.

சார் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருவார். நெற்றியில் திருமண் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. சத்தம் போட்டுப் பேசமாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எச்சில் தொட்டு நோட்டு எண்ணுகிறவனைக் கண்டால் ஆகாது. தண்ணீர் நனைத்த ஸ்பாஞ்ச் ஒரு பீங்கான் கிண்ணத்தில் இருக்கும். அதைத்தான் தொடவேண்டும்.

பாங்கிலிருந்து வரும் கட்டுகளின் நடுவே தடித்த இரும்புப் பின் அடித்திருப்பார்கள். பிடித்து இழுத்தால் நோட்டு கிழியும். சார் மொண்ணையான ஒரு சின்னக் கத்தி வைத்திருந்தார். கட்டைக் குப்புறப் போட்டு, பின்னின் இரண்டு காலையும் நிமிர்த்தி, திருப்பிப் போட்டு, தலையை நெம்பி, ஒரே நேராக மேலே எடுக்கவேண்டும். ஒரு கட்டுக்கு ஒரு நிமிடம் ஆகும். "ஓட்டை பெரிசாச்சுன்னா கடைக்காரன் வாங்கமாட்டான். தொழிலாளி எங்கே போய் மாத்துவான்?" என்பார்.

கவரிலும் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. காக்கிக் கவரின் மேல் மூலையைக் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டி எடுத்துவிடுவார். உள்ளே இருக்கும் நோட்டுகளின் ஓரம் வெளியே தெரியும். கவரைக் கிழிக்காமலே ஜன்னலில் நின்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். கிழித்த பிறகு குறைகிறது என்று தகராறு வராது. அந்த மூலையால் பின்னால் என்ன ஆகப்போகிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சம்பள நாளில் டைம்கீப்பர் டோக்கன் நம்பரைக் கூப்பிடுவார். ஆள் வந்து பித்தளை வில்லையைக் காட்டவேண்டும். சார் கவரைத் தள்ளுவார். நான் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டிக் கையெழுத்து வாங்குவேன்.

சுருட்டையின் டோக்கன் நூற்றுப் பதினாலு. கார்டிங் டிபார்ட்மெண்ட். மம்சாபுரம் விலக்கில் பஸ் ஏறுவான். எனக்கு அவனைவிட இரண்டு மாதம்தான் இளமை. ஜெபக்கூடத்தில் டோலக் வாசிப்பான். பஸ் கம்பியில் அவன் விரல் சும்மா இருக்காது. ஒருநாள், "என்னலே தட்டுத?" என்று கேட்டேன். அன்றைக்குத்தான் சொன்னான். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அவன் அம்மா வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்துவிட்டாள். ஆனால் பள்ளிக்கூட சர்டிபிகேட்டிலும் சாதிச் சர்டிபிகேட்டிலும் பழைய பெயர்தான், இந்து என்றுதான் இருந்தது. அதை அவர்கள் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் பட்டியல் சாதிக்கு என்று கொடுக்கிற சீட்டும் ஹாஸ்டலும் உதவிப்பணமும் கிடையாது. அது சரியா தப்பா என்று எனக்குப் பேசத் தெரியாது. சட்டம் அப்படி. அவன் தங்கச்சிக்கு நர்ஸ் படிப்புக்குச் சீட்டு கிடைத்தது அந்தச் சர்டிபிகேட்டால்தான். அப்பா இல்லை. அம்மாவுக்குக் களை எடுக்கிற வேலை. அந்த வீட்டில் அந்தப் பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் சொத்து.

இனி சீல் வந்த கதை.

பெரிய முதலாளி இருந்த காலத்தில் ஆயுத பூஜைக்குப் பத்து நோட்டில் ஓம் என்று ரப்பர் சீல் அடித்துப் பணப்பெட்டிக்குள் வைப்பார். அது வெளியே போகாது. அவர் காலத்துக்குப் பிறகு சின்ன முதலாளி வந்தார். நல்ல மனிதர். கேண்டீனில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். தீபாவளி போனஸ் கவரில் மேலே இருக்கும் நூறு ரூபாய் நோட்டில் எல்லோருக்கும் ஓம் அடித்துக் கொடுக்கலாம், ராசியாக இருக்கும் என்றார். சீல் அடிக்கிற வேலை எனக்கு.

எங்கே அடிப்பது என்று யாரும் சொல்லவில்லை. நோட்டின் ஒரு ஓரம் ஒன்றுமே இல்லாமல் வெள்ளையாகக் கிடக்கிறதே, இந்த மாதிரி ஏதாவது போடுவதற்குத்தான் விட்டிருக்கிறான் என்று நினைத்தேன். அத்தனை நோட்டிலும் அந்த வெள்ளையிலேயே ஊதா மையில் அடித்தேன்.

ஜன்னலில் ஒரே சிரிப்பு. "கணேசா, எனக்கு ரெண்டு சாமி வச்சுக் குடு. ஒண்ணு கடன்காரங்கூடப் போயிரும், இன்னொண்ணாவது வீட்டுக்கு வரட்டும்" என்றார் ஸ்பின்னிங் ஆள் ஒருத்தர். நிறையப் பேர் அந்த நோட்டைச் செலவழிக்காமல் சாமி படத்துக்கு அடியில் வைத்தார்கள். மீதி ஊருக்குள் போய், கடைகளைச் சுற்றி, பாங்குக்கு வந்து சேர்ந்தது. பாங்கு கிளார்க் என்னைக் கூப்பிட்டு ஒரு நோட்டை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"இந்த வெள்ளையில என்ன தெரியுது?"

"ஒங்க விரலு சார்."

"நல்லாப் பாருய்யா."

பார்த்தேன். நூறு ரூபாய் நோட்டில் அப்போது காந்தி படம் வரவில்லை. காகிதத்துக்குள்ளேயே சிங்கம் இருந்தது. அத்தனை வருடம் நோட்டிலேயே கிடந்தவன் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். "கள்ள நோட்டா நல்ல நோட்டான்னு இத வச்சுத்தான் பாக்கணும். இதுமேலயே நீ மையப் பூசிட்டேன்னா நான் எதைப் பாக்க?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த தீபாவளிக்கு முன்னால் சார் சின்ன முதலாளியிடம் போய்ப் பேசினார். ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் நின்றேன்.

"சீல் வேண்டாம் சார். பாங்குல முணுமுணுக்கிறாங்க."

"எழுத்து இருக்கிற பக்கமா அடிக்கச் சொல்லுங்க, போச்சு."

"அது மட்டும் இல்ல. பெருமாள் பேரை நான் குளிச்சுட்டுத்தான் சொல்றேன். இந்த நோட்டு சாராயக் கடை மேசையில ஈரத்துல கெடக்கும். என்னால அதைப் பாக்க முடியல."

சின்ன முதலாளி ஒரு நோட்டை எடுத்தார். "நோட்டுலயே சிங்கத்துக்குக் கீழ என்ன போட்டிருக்கு சார்? வாய்மையே வெல்லும்னு. அது எங்கேருந்து வந்தது, நீங்களே சொல்லுங்க."

"உபநிஷத்துலேருந்து."

"அப்புறம் என்ன? கவர்மெண்டே சாமி புஸ்தகத்துலேருந்து எடுத்துத்தான் போட்டிருக்கு. நான் போட்டா மட்டும் தப்பா?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை வாங்குறவன் யாருன்னு அந்த எழுத்து கேக்கிறதில்ல சார். இது கேக்கும்" என்றார்.

சின்ன முதலாளி யோசித்தார். சாரின் பேச்சை அவர் தள்ளிவிடவில்லை. ஆனால் வேறு மாதிரிப் புரிந்துகொண்டார். வைண்டிங்கில் வேலை பார்க்கும் யோவான் அண்ணாச்சியும் இன்னும் சிலரும் முந்தின வாரம்தான் அவரிடம் போய், எங்களுக்கு ஓம் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். "நீங்க சொல்றது சரிதான் சார். அவிய மனசு நோகக் கூடாது. சிலுவைக்கு ஒரு சீல் செஞ்சிருவோம். நம்ம மில்லுல இந்த ரெண்டு சாமிக்காரங்கதானே? யாருக்கும் கொறை இருக்காது" என்றார். அவருக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் லிஸ்ட் பிறந்தது. எந்தக் கவருக்கு எந்தச் சீல் என்று தெரியவேண்டுமே. டைம்கீப்பர் டிபார்ட்மெண்ட் டிபார்ட்மெண்டாகப் போய் எல்லோரையும், "நீ எந்தச் சாமி?" என்று கேட்டு ஓமுக்கு நீல பென்சிலிலும் சிலுவைக்குச் சிவப்பு பென்சிலிலும் குறித்தார். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டார். அதுவரைக்கும் எங்கள் மில்லில் நம்பர் இருந்தது, பெயர் இருந்தது. அந்தக் கட்டம் கிடையாது.

சுருட்டையை அவர் கேட்கவில்லை. ரிஜிஸ்டர் பெயரைப் பார்த்து நீலத்தில் டிக் போட்டார். ஆனால் டீக்கடையில் வேறு மாதிரிப் பேசினார். அவருடைய தம்பி மகளும் அதே நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டிருந்தாள். கிடைக்கவில்லை. "எவன் எவன் எந்தெந்தக் கூடத்துல டோலக் அடிக்கான்னு எனக்குத் தெரியும்லே. கையெழுத்தோட ஒரு காயிதம் கெடைக்கட்டும், தாலுகா ஆபீசுக்கு ஒரு மொட்டைப் பெட்டிசன் போட எம்புட்டு நேரம் ஆகும்?" என்றார். என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார்.

போனசுக்கு இரண்டு நாள் முன்னால், சாப்பாட்டு மணி அடித்ததும் சுருட்டை என்னை மில் வாசல் வேப்பமரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே யோவான் அண்ணாச்சியும் வந்துவிட்டார்.

"தம்பி, இத்தனை வருசம் ஒளிஞ்சாச்சு. ஆண்டவர் ஒரு கதவைத் தொறந்திருக்கார். செகப்புல குறிக்கச் சொல்லு" என்றார்.

"கதவு தொறந்துதான் இருக்கு அண்ணாச்சி. அதுல எந்தங்கச்சி கை மாட்டிக்கிடும்."

"அப்ப ஓம்னு வாங்கிட்டுப் போவியா? அம்புட்டுப் பேரும் பாக்க? ஞாயித்துக்கெழம வந்து டோலக்கத் தொடுவியா?"

அண்ணாச்சி அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவர் பெயரிலும் பிறப்பிலும் கிறிஸ்தவர்தான். ஒளிக்க ஒன்றும் இல்லாதவருக்கு இது விளங்காது.

சுருட்டை கொஞ்ச நேரம் மரப்பட்டையை உரித்துக்கொண்டிருந்தான். "நோட்டுல வாய்மையே வெல்லும்னு போட்டிருக்காம்ல?" என்று கேட்டான்.

"ஆமா. சார் சொன்னாரு."

"நான் வாய்மையச் சொன்னா எந்தங்கச்சி தோத்துருவாலே."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "கணேசா, எனக்கு ரெண்டும் வேண்டாம். ஒண்ணும் அடிக்காத ஒரு நோட்ட மேல வையி. பொய்யும் சொல்ல வேண்டாம், உண்மையும் சொல்ல வேண்டாம். அம்புட்டுத்தான் கேக்கேன்."

நான் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவனுடைய ரகசியத்தையும் சொன்னேன். "வை. ஜன்னல்ல நான் இருப்பேன். நான் தள்ளுற கவரை யாரும் பிடிச்சுப் பாக்க மாட்டாங்க" என்றார்.

போனஸ் நாள் வந்தது. நூற்றுப் பதினாலில் வெறும் நோட்டை மேலே வைத்து, சாருக்கு நேராகக் காட்டிவிட்டுத் தட்டில் அடுக்கினேன். ஜன்னலுக்கு வெளியே வரிசை கேட் வரைக்கும் நின்றது. வெட்டிய மூலையில் ஒவ்வொருத்தருடைய சீலும் வெளியே தெரிந்தது. வாங்குகிறவர்கள் அடுத்தவர்களுடைய மூலையைப் பார்த்தார்கள். போன வருடம் மாதிரிச் சிரிப்பு இல்லை.

தொண்ணூற்று மூன்றாம் நம்பர் வாங்கிக்கொண்டிருந்தபோது ஆபீஸ் ஆள் வந்தார். "சார், பூஜைக்கு ஒங்களக் கூப்பிடுதாவ. நீங்க வந்துதான் தட்டு எடுக்கணுமாம்." சார் தயங்கினார். மறுபடியும் கூப்பிட்டார்கள். எழுந்து, என் காதருகே குனிந்து, "பத்து நிமிஷம். நான் வர்ற வரைக்கும் நூறைத் தாண்டாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நூறில் நிறுத்தினேன். வெளியே சத்தம் கிளம்பியது. "ஏலே, பஸ்ஸு போயிரும்லே!" "ஓமும் சிலுவையும் உள்ள சண்ட போடுதோ?" "கணேசன் நோட்டுக் குட்டி போடட்டும்னு அடைகாக்கான்!" டைம்கீப்பர், "என்னலே நிறுத்திட்ட? சார் வந்து ஒனக்குச் சோறு ஊட்டணுமா? நான் எடுத்துக் குடுக்கேன், நீ கையெழுத்து வாங்கு" என்று சாரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சார் நிறுத்தச் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நூற்றொன்று போனது. நூற்றிரண்டு போனது.

நூற்றுப் பதினாலு.

சுருட்டை வந்து வில்லையைக் காட்டினான். ஜன்னலில் சார் இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தான். டைம்கீப்பர் கவரை எடுத்து நீட்டப் போனவர் நிறுத்தினார். மூலையை வெளிச்சத்தில் திருப்பினார்.

"இது என்ன, மொட்டையா இருக்கு? கணேசா, விட்டுப்போச்சா? இல்ல விடச் சொன்னாங்களா?"

அவர் கவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே சுருட்டையைப் பார்த்தார்.

"நீயே சொல்லுலே. எந்தச் சாமி? இந்தா, ரெண்டு சீலும் இங்கதான் இருக்கு. சொன்னா அடிச்சுக் குடுத்துட்டுப் போறோம். இதுல ஒளிக்க என்ன இருக்கு?"

நாலு ஆளுக்குப் பின்னால் யோவான் அண்ணாச்சி நின்றார். கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுருட்டை ஜன்னல் கம்பியைப் பிடித்தான். அவன் வாய் திறந்தது.

டைம்கீப்பர் என் பக்கம் திரும்பினார். "வேணும்னுதான் விட்டியாலே நீ?"

நான், "மறந்துட்டேன் அண்ணாச்சி" என்று சொல்லி ஓம் சீலை எடுத்தேன். மையில் அழுத்தினேன். கவரை வாங்கி அந்த மூலையில் அடித்தேன்.

அவனைக் காப்பாற்றத்தான் அடித்தேன் என்று ரொம்ப வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அவர் என்னைப் பார்த்துக் கேட்டதும் என் வேலை போய்விடும் என்று பயந்தேன். அந்த நேரத்தில் அவனோ, அவன் தங்கச்சியோ என் மனதில் இல்லவே இல்லை. என் பயம் மட்டும்தான் இருந்தது.

சுருட்டை கவரைப் பார்த்தான். மை இன்னும் காயவில்லை. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டான். போய்விட்டான். யோவான் அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

சார் பிரசாதத் தட்டோடு திரும்பி வந்தபோது நூற்று இருபதாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் இருந்த கவர்த் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நூத்துப் பதினாலு?"

"குடுத்தாச்சு சார்."

"எப்படி?"

மேசையில் சீல் மல்லாந்து கிடந்தது. சார் கண்ணாடியைக் கழற்றினார். அதைத் துடைக்காமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் நாலு நாள் என்னோடு நம்பர் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் பஸ்ஸில் சுருட்டை எப்போதும் போல எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தான். திரும்பாமலே பேசினான்.

"ஒம்மேல கோவம் இல்லலே. ஒருவேள நானே ஓம்னு சொல்லியிருப்பேன். ஒருவேள வேற சொல்லியிருப்பேன். என்ன சொல்லியிருப்பேன்னு இனி எனக்கே தெரியாது. சொல்ல விடாமப் பண்ணிட்ட. அதுதான் ஒரு மாதிரியா இருக்கு."

அந்த நூறு ரூபாயைத்தான் அவன் முதலில் செலவழித்தான். தங்கச்சியின் ஹாஸ்டலுக்குக் கட்டினான். பெட்டிசன் எதுவும் போகவில்லை. கட்டத்தில் நீல டிக்கும் பக்கத்தில் அவன் கையெழுத்தும் இருந்தது. டைம்கீப்பரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. தங்கச்சி படித்து முடித்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது.

ஜெபக்கூடத்தில் யாரும் அவனை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. டோலக்கை மட்டும் வேறொரு பையனிடம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் போவதை நிறுத்திவிட்டான். "வெளிய ரோட்டுல நின்னு பாட்டக் கேட்டுட்டுப் போயிருவேன். அது போதும்" என்பான். பஸ்ஸில் கம்பியைத் தட்டுவதையும் விட்டுவிட்டான்.

அடுத்த வருடம் சீல் இல்லை. சார் பாங்கிலிருந்து எழுதி வாங்கிய ஒரு கடிதத்தைச் சின்ன முதலாளியின் மேசையில் வைத்தார். அவரும் சரி என்றார். அவருக்குக் கடைசி வரைக்கும் இந்தக் கதை தெரியாது. நல்லது செய்தோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

டீக்கடையில் கேட்ட தம்பிகளே, என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். பெரிய காரணம் எல்லாம் எனக்குத் தெரியாது. கூலி வாங்க வருகிறவன் கையை நீட்டினால் போதும். அவன் நெஞ்சுக்குள் இருப்பதையும் சேர்த்துக் காட்டு என்று ஜன்னலில் நிறுத்தக் கூடாது. நான் நிறுத்தினேன், அதனால் சொல்கிறேன்.

மில்லில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த பிறகு அவன் பிளவக்கல் பக்கம் ஒரு மாந்தோப்பில் காவல் வேலைக்குப் போனான். மஞ்சள் காமாலை வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிட்டான். தங்கச்சி லீவு போட்டுவிட்டு வந்து பதினாறு நாள் பார்த்தாள். எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தவள். அண்ணனைப் பிழைக்க வைக்க முடியவில்லை. கடைசிக்கு முந்தின நாள் என்னையும் அவளையும் பக்கத்தில் உட்காரச் சொன்னான்.

"கற்பூரம் கொளுத்தாதிய. பாட்டும் படிக்காதிய. இவ வேலைக்கு வந்து இப்பத்தான் நாலு வருசம். எவனாவது பாத்து எழுதிப் போட்டான்னா விசாரணைன்னு இவள அலைய விடுவாங்க. கற்பூரம் காட்டுனா நான் மறுபடியும் பொய் சொன்ன மாதிரி ஆகும். ஒண்ணும் வேண்டாம். சும்மா கொண்டுபோய் வச்சுருங்க."

"அண்ணே, ஒரே ஒரு ஜெபம்..." என்றாள் அவள்.

"மனசுக்குள்ள பண்ணு தாயி."

மறுநாள் சாயங்காலம் தூக்கினோம். அவன் சித்தப்பா சங்கு ஊதுகிறவனுக்குச் சொல்லி அனுப்பவா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்தது. குழிக்கரையில் யோவான் அண்ணாச்சி வந்து நின்றார். தலை நரைத்துப் போயிருந்தது. கையில் வேதப் புத்தகம் இல்லை, தெரிந்தே வைத்துவிட்டு வந்திருக்கிறார். தங்கச்சியின் பக்கத்தில் வந்து, "நான் அவனுக்கு ஒரு தப்புப் பண்ணிட்டேம்மா. ரெண்டு வார்த்தை ஜெபிக்கட்டுமா? மெதுவாத்தான்" என்று கேட்டார்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். யார் யார் என்று அவளுக்கு என்ன தெரியும்? உதட்டைக் கடித்துக்கொண்டு, "வேண்டாம் அண்ணாச்சி" என்றாள்.

அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் உதடு அசையக்கூட இல்லை. நானும் எனக்குத் தெரிந்த சாமியைக் கூப்பிட வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். மண் விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. சின்னப் பிள்ளையிலிருந்தே ஆண்டவர் மேல் உயிராக இருந்த ஒருத்தனை, யாரும் ஒரு சொல் சொல்லாமல் மூடிவிட்டு வந்தோம்.

அதுதான் என்னைத் தூங்கவிடாமல் பண்ணுகிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இதைப் படிக்கிறவர்கள் எந்த ஊரானாலும் சரி, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரானாலும் சரி. கோயிலிலோ, சர்ச்சிலோ, பள்ளிவாசலிலோ, வேலைக்குப் போகிற வழியில் ரோட்டோரத்திலோ, எங்கள் சுருட்டைக்காக ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள். எங்களால் முடியவில்லை. நீங்கள் வாய்விட்டு, சத்தமாக வேண்டிக்கொள்ளுங்கள்.